மெட்ஸ் கொட்டிய பணமும் பைரேட்ஸ் பூட்டிய பணமும் (அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களின் இணைய இழை, டிசம்பர் 2025)

ஏழாம் எண் ரயில் எழுதியது:

செப்டம்பர் 28 அன்று பிற்பகல் மயாமியில் நியூயார்க் மெட்ஸ் அணி 0-4 என்று தோற்று, அத்துடன் 2025-ஆம் ஆண்டைக் கட்டிவைத்தது. அன்று வென்றிருந்தால் போதும், கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்றில் இடம் கிடைத்திருக்கும். ஏனென்றால் அதே இடத்துக்காகக் காத்திருந்த சின்சினாட்டி ரெட்ஸும் அன்று மில்வாக்கியிடம் தோற்றிருந்தது. இரு அணிகளும் 83 வெற்றி, 79 தோல்வி என்று சமமாக நின்றன. நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களில் ரெட்ஸின் கை ஓங்கியிருந்ததால் அவர்கள் உள்ளே போனார்கள், நாம் வீட்டுக்கு வந்தோம். ஜூன் 12 அன்று 45-24 என்ற கணக்கில் முப்பது அணிகளிலும் முதலிடத்தில் இருந்த அணி இது. அதற்குப் பிறகு ஆடிய 93 ஆட்டங்களில் 55-ஐத் தோற்றது.

அன்றிலிருந்து இன்று வரை நான் எங்கே போனாலும், ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போதுகூட, ஒரே பேச்சைத்தான் கேட்கிறேன்: "சோட்டோவுக்கு 76.5 கோடி டாலர் கொட்டியது வீண்." இந்தக் கோபம் தவறான ஆள்மீது பாய்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நம் மட்டையாளர் ஹுவான் சோட்டோ மே மாதம் தடுமாறினார் என்பது உண்மைதான். ஆனால் ஜூனில் அவரே (பேஸ்பாலின் இரு லீகுகளில் நம்முடையதான) தேசிய லீகின் மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர். ஆண்டு முடிவில் 43 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது), 105 ஆர்.பி.ஐ. (அவர் அடித்ததால் அணிக்கு வந்த ரன்), அவரிடம் யாருமே எதிர்பார்க்காத 38 ஸ்டீல் (யாரும் அடிக்காமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது). தளத்தை அடையும் விகிதத்தில் லீகிலேயே முதலிடம். இதற்குமேல் ஒரு மட்டையாளரிடம் எதைக் கேட்பது? பந்து வீச்சையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டுமா?

அணி சரிந்தது பந்து வீச்சில்தான், அதுவும் ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர்களின் பந்து வீச்சில். ஜூன் 12 அன்றே கோடாய் செங்கா காயம் அடைந்தார். திரும்பி வந்தபோது அவர் பழைய செங்காவாக இல்லை. 3 ஆண்டுகளுக்கு 7.5 கோடி டாலர் பெற்ற ஷான் மனாயா 5.64 என்ற ஈ.ஆர்.ஏ.வுடன் (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன்; குறைந்தால் நல்லது) ஆண்டை முடித்தார். 2 ஆண்டுகளுக்கு 3.4 கோடி பெற்ற ஃபிராங்கி மோன்டாஸ் 6.28-உடன் முடித்து அறுவை சிகிச்சைக்குப் போனார். இருவருமே முப்பதைத் தாண்டியவர்கள். ஆகஸ்டில் அணியைத் தூக்கி நிறுத்தியவரோ நோலன் மெக்லீன். 2023 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுப்பது) மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்டு, குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆடிய புதியவர். அவருடைய ஈ.ஆர்.ஏ. 2.06.

இதை நாம் 2023-இலேயே பார்த்துவிட்டோம். அந்த ஆண்டு ஆடம்பர வரிக் (சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் அணி கட்டும் வரி) கணக்கில் அணியின் சம்பளப் பட்டியல் 37 கோடி டாலரைத் தாண்டியது. வரி மட்டுமே 10 கோடிக்கு மேல். பந்து வீச்சாளர்கள் மேக்ஸ் ஷெர்சருக்கும் ஜஸ்டின் வெர்லாண்டருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 4.33 கோடி. ஒருவருக்கு 38 வயது, மற்றவருக்கு 40. இருவரையும் வேறு அணிகளுக்கு அனுப்பி, அவர்களுடைய சம்பளத்தில் பெரும்பகுதியையும் நாமே சுமக்க ஒப்புக்கொண்டு, 75-87 என்று முடித்தோம். வெர்லாண்டர் மோசமாக வீசவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முதல் மாதம் காயத்தால் களத்திலேயே இல்லை என்பதுதான் சிக்கல். 40 வயதில் வாங்கும்போது அந்த ஆபத்தையும் சேர்த்தேதான் வாங்குகிறோம்.

இந்தச் சந்தை அமைந்திருக்கும் விதமே அப்படி. ஓர் ஆட்டக்காரர் பெரிய லீகில் ஆறு ஆண்டுகள் ஆடி முடித்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் பேரம் பேசக்கூடியவர்) ஆக முடியும். முதல் மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம், அடுத்த மூன்று ஆண்டுகள் நடுவர் மன்றம் தீர்க்கும் சம்பளம், அதன்பிறகுதான் ஏலம். அதற்குள் பெரும்பாலானோருக்கு முப்பது வயது நெருங்கிவிடுகிறது. அறுவடை முடிந்த வயலுக்குப் போன போகத்தின் விளைச்சலைக் காட்டி விலை பேசுவது போன்ற வியாபாரம் இது. 26 வயதில் சந்தைக்கு வந்த சோட்டோ அரிய விதிவிலக்கு. ஆகையால் என் கருத்து இதுதான்: மெட்ஸ் உரிமையாளர் ஸ்டீவ் கோஹன் அதிகம் செலவு செய்கிறார் என்பது குற்றம் அன்று, எந்த வயதுக்குச் செலவு செய்கிறார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

மூன்று நதிக்கரை எழுதியது:

ஏழாம் எண் ரயில் நண்பரே, உங்கள் துயரத்தைப் பிட்ஸ்பர்க்கிலிருந்து படித்தேன். விருந்தில் பாயசம் திகட்டுகிறது என்று நீங்கள் குறைப்படுவதை, இலையே போடாத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதுபோல் இருக்கிறது எனக்கு.

எங்கள் கணக்கைக் கேளுங்கள். எங்கள் பைரேட்ஸ் அணியின் பந்து வீச்சாளர் பால் ஸ்கீன்ஸ் 2025-இல் 187 இன்னிங்ஸுக்குமேல் வீசினார். ஈ.ஆர்.ஏ. 1.97, ஸ்ட்ரைக் அவுட் 216. சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதை ஒரு வாக்குகூடச் சிதறாமல் பெற்றார். அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு என்ன தெரியுமா? 10-10. ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்கூட விட்டுக்கொடுக்காத ஒருவர் பத்து ஆட்டங்களைத் தோற்றிருக்கிறார் என்றால், அவருக்குப் பின்னால் மட்டை பிடித்து நின்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? எங்கள் அணி அந்த ஆண்டு அடித்த 583 ரன்தான் முப்பது அணிகளிலும் மிகக் குறைவு. ஹோம் ரன் எண்ணிக்கையிலும் நாங்கள்தான் கடைசி.

ஸ்கீன்ஸின் 2025 சம்பளம் 8.75 லட்சம் டாலர். உங்கள் சோட்டோ சராசரியாக மூன்றே ஆட்டங்களில் அதைவிட அதிகம் ஈட்டிவிடுகிறார். இளம் ஆட்டக்காரர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஊக்கத்தொகை நிதியத்திலிருந்து ஸ்கீன்ஸுக்கு முப்பது லட்சத்துக்குமேல் கிடைத்தது உண்மைதான். ஆனால் அது எல்லா அணிகளும் சேர்ந்து போடும் பொதுப் பணம்.

நீங்கள் சொல்லும் வயதுக் கோட்பாட்டை எங்கள் உரிமையாளர்கள் பல ஆண்டுகளாக வேதவாக்காகக் கடைப்பிடிக்கிறார்கள். முப்பது வயதுக்காரருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுப்பதில்லை, இளைஞர்களை வளர்க்கிறோம், பொறுத்திருங்கள் என்கிறார்கள். பொறுத்ததன் பலன் என்ன? 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது ஆண்டுகள் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். நடுவில் 2013, 2014, 2015 என்று மூன்று வசந்தங்கள். பிறகு மறுபடியும் கோடை. இந்த அணியின் வரலாற்றிலேயே 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் ஒப்பந்தம் 2023-இல் பிரையன் ரெனால்ட்ஸுக்குக் கொடுத்ததுதான். அதுவும் எட்டு ஆண்டுகளுக்கு. உங்கள் ஊரில் அது இரண்டாம் பக்கத்துச் செய்தி.

செலவு செய்து தோற்பவரை நான் மன்னிப்பேன். செலவே செய்யாமல் தோற்றுவிட்டு, அதற்கு "திட்டம்" என்று பெயர் வைப்பவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

புதிதாகப் பார்ப்பவன் எழுதியது:

பேஸ்பாலை இரண்டு ஆண்டுகளாகத்தான் பார்க்கிறேன், ஆகவே இது அறியாமைக் கேள்வியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐ.பி.எல். ஏலத்தில் 2025-ஆம் ஆண்டு அணி ஒவ்வொன்றுக்கும் 120 கோடி ரூபாய்தான் வரம்பு என்று வைத்தார்கள். பணக்கார உரிமையாளரும் அதற்குள்தான் ஆட வேண்டும். அப்படி ஒரு வரம்பை இங்கே வைத்துவிட்டால் நீங்கள் இருவரும் சொல்லும் குறைகள் ஒரே நாளில் தீர்ந்துவிடாதா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒரே நாளில் தீராது, தம்பி; அதைத் தொடங்கினாலே ஓராண்டு ஆட்டம் நின்றுபோகக்கூடும். 1994 ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு, உரிமையாளர்கள் சம்பள வரம்பைக் கொண்டுவர முயன்றதே முதன்மைக் காரணம். அந்த ஆண்டு கோப்பைக்கான இறுதித் தொடரான உலகத் தொடரே நடக்கவில்லை. இன்றும் பேஸ்பாலில் வரம்பு கிடையாது, வரி மட்டுமே உண்டு. 2025-க்கு அந்தக் கோடு 24.1 கோடி டாலர். அதைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு வரி. மேலும் மேலும் தாண்டினால் வரி விகிதமும் ஏறும். உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. இந்தச் சண்டை மறுபடியும் அப்போது வரும்.

இனி இழையைத் தொடங்கியவருக்கு. உங்கள் கோட்பாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வசதியான ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் 75-87 என்று முடித்த அதே 2023-இல் உலகத் தொடரை வென்றது யார்? டெக்சாஸ் ரேஞ்சர்ஸ். 2021-இல் 102 ஆட்டங்களைத் தோற்ற அணி அது. அந்த ஆண்டின் இறுதியில் கோரி சீகருக்கு 32.5 கோடி, மார்கஸ் செமியனுக்கு 17.5 கோடி என்று ஒரே மூச்சில் 50 கோடி டாலரை எழுதிக்கொடுத்தார்கள். நாடே சிரித்தது. இரண்டே ஆண்டுகளில் சீகர் உலகத் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதோடு நின்றார். சீகர் கையெழுத்திட்டபோது வயது 27 என்பது உங்கள் பக்கத்துக்குச் சாதகம். செமியனுக்கு 31 என்பது பாதகம்.

வயதை மட்டும் பார்த்திருந்தால் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி 32 வயது ஃபிரெடி ஃபிரீமனுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்திருக்காது. 2024 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், வலிக்கும் கணுக்காலோடு அவர் அடித்த கிராண்ட் ஸ்லாமும் (ஒரே அடியில் நான்கு ரன் தரும் ஹோம் ரன்) இருந்திருக்காது. அதே அணியின் ஜப்பானியப் பந்து வீச்சாளர் யோஷினோபு யமமோட்டோவோ நேர்மாறு. 25 வயதில், அமெரிக்காவில் ஒரு பந்துகூட வீசாத நிலையில், 32.5 கோடி. 2025 உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் 96 பந்துகளை வீசி வென்றவர், மறுநாள் இரவே ஏழாம் ஆட்டத்தின் கடைசிப் பகுதியையும் வீசி முடித்தார். 2025-க்காக டாட்ஜர்ஸ் கட்டும் ஆடம்பர வரி ஏறத்தாழ 17 கோடி டாலர். அந்த இரண்டு இரவுகளைப் பார்த்த எவரும் அதை வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

அதே சமயம் டாட்ஜர்ஸ் செலவில் பாதியைக்கூடத் தொடாத மில்வாக்கி புரூவர்ஸ்தான் 97 வெற்றிகளோடு 2025-இன் பிளே ஆஃபுக்கு முந்தைய ஆட்டங்களில் முதலிடம் பெற்றது. 162 ஆட்டங்கள் கொண்ட நெடும் பயணத்தில் நல்ல நிர்வாகம் பணத்தின் குறையை ஈடுகட்டிவிடும். குறுகிய தொடர் வேறு கணக்கு. டாட்ஜர்ஸோடு புரூவர்ஸ் ஆடிய லீக் இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் ஷொஹெய் ஒதானி ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி, பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, தன் மட்டையாலும் மூன்று ஹோம் ரன் அடித்தபோது, புரூவர்ஸின் நிர்வாகம் அதற்கு எதைச் சமன் வைத்திருக்க முடியும்? நான்குக்குப் பூஜ்யம் என்று தொடர் முடிந்தது.

ஒரு சிறு இடைச்செருகல். ஒதானியின் 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 68 கோடி, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் தரப்படுவது என்றதும் இது ஏதோ புது மோசடி என்று பலர் குதித்தார்கள். மெட்ஸ் ரசிகர்கள் மட்டும் குதிக்கக் கூடாது. முன்னாள் மெட்ஸ் ஆட்டக்காரர் பாபி போனியா ஆடுவதை நிறுத்திக் கால் நூற்றாண்டு ஆகிறது. ஜூலை முதல் தேதி தோறும் அவருக்கு 11,93,248 டாலர் 20 சென்ட் போய்க்கொண்டே இருக்கிறது. 2035 வரை போகும்.

ஏழாம் எண் ரயில் எழுதியது:

போனியாவை இழுக்காமல் ஓர் இழையும் முடியாது என்று எனக்குத் தெரியும். அந்த 20 சென்டையாவது விட்டுவைத்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை ஐயா, ரேஞ்சர்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஃபிரீமனுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் காட்டிய முதியவர்கள் எல்லாரும் மட்டையாளர்கள். முப்பதைத் தாண்டிய பந்து வீச்சாளருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்து நிம்மதியாக இருந்த அணி எதையும் நீங்கள் காட்டவில்லை. நம்முடைய ஜேக்கப் டிகிராம் 34 வயதில் 18.5 கோடிக்கு அதே டெக்சாஸுக்குப் போனார். 2023-இல் ஆறே ஆட்டங்களைத் தொடங்கிவிட்டு முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார். அணி அவர் இல்லாமலேதான் கோப்பையை வென்றது. என் கோட்பாட்டைப் பந்து வீச்சாளர்களுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொள்கிறேன்.

நதிக்கரை நண்பருக்கு: 10-10 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு 2018 நினைவுக்கு வந்துவிட்டது. டிகிராமின் ஈ.ஆர்.ஏ. அந்த ஆண்டு 1.70, வெற்றி தோல்வி 10-9, கையில் சை யங் விருது. அப்போது எங்களிடம் கோஹன் இல்லை, பணமும் இல்லை. ஒவ்வொரு ஐந்தாம் நாளும் மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து ஒரே நிறுத்தம் ரயிலில் போய், மேல் அடுக்கில் உட்கார்ந்து, அவர் ஏழு இன்னிங்ஸ் ஒரு ரன் கொடுத்து வீசுவதையும், நம்மவர்கள் அந்த ஒரு ரன்னை எடுக்க முடியாமல் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். எட்டாவது இன்னிங்ஸில் மாற்றுப் பந்து வீச்சாளர் களத்துக்கு ஓடி வரும்போது, டிகிராம் தோளில் மேலங்கியைப் போட்டுக்கொண்டு டக்அவுட் கம்பியில் முழங்கையை ஊன்றி நிற்பார். முகத்தில் கோபமே இருக்காது. அதைத்தான் என்னால் தாங்க முடியாது. ஸ்கீன்ஸைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இந்த வாரம் பீட் அலோன்சோ 5 ஆண்டு, 15.5 கோடிக்குப் பால்டிமோர் ஓரியோல்ஸுக்குப் போய்விட்டார். 31 வயது முதல் தள ஆட்டக்காரர். ஓட்டமும் தடுப்பும் இனிக் குறையத்தான் செய்யும். விட்டுவிடுவதே சரி என்று நானே முதல் பதிவில் தர்க்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் 264 ஹோம் ரன்களோடு இந்த அணியின் வரலாற்றிலேயே அதிகம் அடித்தவர் அவர். கடந்த இரண்டு ஆண்டுகளில் 162 ஆட்டங்களிலும் ஒன்றைக்கூட விடாமல் ஆடியவர். செய்தி வந்த அன்று என் கோட்பாட்டை எங்கே வைத்தேன் என்று தேடினேன், கிடைக்கவில்லை. முந்தைய நாள்தான் கடைசி இன்னிங்ஸை வீசும் எட்வின் டியாஸும் டாட்ஜர்ஸுக்குப் போயிருந்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் களமிறங்கும்போது ஒலிக்கும் அந்த டிரம்பெட் இல்லாத அரங்கத்தை இன்னும் என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

மூன்று நதிக்கரை எழுதியது:

அலோன்சோவுக்காக வருந்துகிறேன், உண்மையாகவே. இருந்தாலும் உங்களவர் ஏழு ஆண்டுகள் ஆடி, வயது ஏறியபின் போனார். ஸ்கீன்ஸ் 2029 முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட் ஆவார். இங்கே எவரும் "இருப்பாரா" என்று கேட்பதில்லை. "எந்த ஆண்டு டிரேட் செய்வார்கள்" என்றுதான் கேட்கிறார்கள்.

புதிதாகப் பார்க்கும் தம்பி கேட்டதற்கு என் பதிலையும் சேர்த்துக்கொள்கிறேன். எல்லாரும் மேல் வரம்பைப் பற்றியே பேசுகிறார்கள், கீழ் வரம்பைப் பற்றிப் பேச ஆளில்லை. ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் வருவாயில் 48 விழுக்காட்டைப் பொதுத் தொகுப்பில் போட, அதை முப்பது அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள். நியூயார்க் போடுவது அதிகம், பெறுவது குறைவு; பிட்ஸ்பர்க்குக்கு நேர்மாறு. ஆக, நீங்கள் உங்கள் அரங்கமான சிட்டி ஃபீல்டில் வாங்கும் நுழைவுச்சீட்டில் ஒரு துளி எங்கள் ஊருக்கும் வந்து சேர்கிறது. அந்தத் துளி ஆட்டக்காரரின் சம்பளமாக மாறியே தீர வேண்டும் என்று கறாரான குறைந்தபட்சத் தொகை எதுவும் விதியில் இல்லை. அதை முதலில் எழுதட்டும். பிறகு கோஹன் எவ்வளவு செலவு செய்யலாம் என்று பேசுவோம்.

பணத்தை மட்டும் சொல்லவில்லை. எங்கள் அரங்கமான பி.என்.சி. பார்க்கின் வலப்புறச் சுவர் 21 அடி உயரம். எங்கள் பழைய நாயகர் ராபர்ட்டோ கிளெமென்டேயின் சட்டை எண் 21 என்பதால் அந்த உயரம். நிகராகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானத்தில் 1972-இன் கடைசி நாள் இறந்தவர் அவர். 2025 ஏப்ரலில் அந்தச் சுவரிலிருந்த அவருடைய 21 என்ற சின்னத்தை எடுத்துவிட்டு, ஒரு மதுபான விளம்பரத்தை அங்கே வைத்தார்கள். குடும்பத்தாரும் ஊரும் கொதித்தபின் மறுபடி வைத்தார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள். அந்த மாதம் அரங்கத்தில் "அணியை விற்றுவிடு" என்று கூட்டம் முழங்கியபோது, என் பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர் மட்டும் வாயைத் திறக்காமல், கடலைத் தோலை உரித்து ஒவ்வொன்றாகக் காகிதப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். 1979-இல் கோப்பை வென்றபோது தமக்கு இருபது வயது என்று இடைவேளையில் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பந்து வீச்சாளர்களுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டதை ஏற்கிறேன். சுருக்கியபின் உங்கள் கோட்பாடு முன்பைவிட வலுவாகவே இருக்கிறது. கீழ் வரம்பு பற்றி நதிக்கரைக்காரர் சொன்னதில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு: உரிமையாளர்கள் கீழ் வரம்பைத் தனியாகத் தர மாட்டார்கள், மேல் வரம்போடு கட்டித்தான் தருவார்கள். ஆட்டக்காரர் சங்கம் அந்தப் பொட்டலத்தை வாங்காது. அடுத்த டிசம்பரில் பார்ப்போம்.

ஏழாம் எண் ரயில் எழுதியது:

அடுத்த டிசம்பருக்கு முன்னால் மார்ச் இருக்கிறது. 2026-இன் தொடக்க ஆட்டம் மார்ச் 26 அன்று சிட்டி ஃபீல்டில். எதிரணி எது என்று அட்டவணையைப் பார்த்தீர்களா, நதிக்கரை நண்பரே? உங்கள் பைரேட்ஸ்தான். எப்படியும் ஸ்கீன்ஸ்தான் வீசுவார். காலையில் நேரத்தோடு வந்துவிட்டால் கோயில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு ஒரே நிறுத்தம் ரயிலில் போய்விடலாம்.

மூன்று நதிக்கரை எழுதியது:

வருகிறேன். தோசைக்கு நீங்கள் பணம் கொடுங்கள். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்.